வெள்ளையடித்த சுவர்

அருங்காட்சியகத்தின் புதிய கூடத்துச் சுவரில் படம் வரையும் வேலை ஓவியக்காரிக்குக் கிடைத்ததே அவளுடைய அண்ணியால்தான். அண்ணி அங்கே புதைபடிவ ஆய்வாளர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் அண்ணன், இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம். அவன் நச்சரிப்பு தாங்காமல்தான் அண்ணி சிபாரிசு செய்தாள்.

சுவருக்கு முன்னால் நிற்கப்போகிறவை டைனோசர்களுக்கும் முந்திய விலங்குகளின் எலும்புக்கூடுகள். பன்றியளவு உடம்பு, ஆமை மூக்கு, இரண்டு கோரைப் பற்கள். கூட்டமாகச் செத்து ஒரே இடத்தில் கிடந்தவை. இயக்குநர் கொடுத்த மாதிரிப் படத்திலோ பெரணிக் காடும் அருவியும் நீலக் குளமும் இருந்தன. அவருக்கு அலுவலகத்தில் பச்சைக்கொடி என்று பெயர். மேலிடம் எதைச் சொன்னாலும் அசைப்பார்.

தூரிகையைத் தொடுமுன் எலும்புகளைப் பார்த்துவிடலாம் என்று அவள் அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி ஒவ்வொன்றாகக் காட்டினாள். பாறையில் உறைந்துபோன சேற்று வெடிப்புகள். வெயிலில் கிடந்து விரிசல் விட்ட தொடையெலும்புகள். பின்னால் வந்தவை மிதித்து ஒடித்த விலாக்கள். மழை பொய்த்துப்போய், மிச்சமிருந்த ஒரே குளத்துக்கு எல்லாம் வந்திருக்கின்றன. அதுவும் வற்றியது. போக வேறிடமில்லாமல் அங்கேயே மடிந்திருக்கின்றன. குட்டிகள் பெரியவற்றின் அடியில் கிடந்தன.

"நிழலுக்காகவா அண்ணி?"

"ஆதாரம் இல்ல. அப்படி எழுதினா என்னைக் கிழிச்சுடுவாங்க," என்றாள் அண்ணி. ஒரு குட்டியின் எலும்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்," என்றாள்.

மாதிரிப் படத்தைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஓவியக்காரி வரைந்தாள். வெளுத்த வானம், செம்மண், பாளம் பாளமாக வெடித்த சேறு, தலை தொங்கி நிற்கும் விலங்குகள். பார்த்ததும் இயக்குநருக்கு முகம் சுருங்கியது. குழந்தைகள் வரும் இடம், திறந்துவைக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், எல்லாவற்றையும் பச்சையாக்கு என்றார்.

"இங்க தண்ணி இருந்திருந்தா இந்த எலும்பே உங்களுக்குக் கிடைச்சிருக்காது சார். மாத்த மாட்டேன்."

மறுநாள் வந்தபோது சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நீ வரையாவிட்டால் மாதிரிப் படத்தை வரைய வேறு ஆள் வருவான் என்றார் இயக்குநர். வீட்டில் அண்ணன், கேட்டதை வரைந்து கொடுத்துவிட்டுப் போயேன், ஊரோடு ஒத்துப் போகக்கூடாதா என்றான். அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணி அந்தத் தட்டை மூடி வைத்தாள்.

எலும்புகளை நிறுத்தும் இரும்புச் சட்டங்களோடு ஆட்கள் வந்தபோது, அண்ணி தன் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பச்சைக் காட்டுக்கு முன்னால் இவற்றை நிறுத்தச் சம்மதிக்க மாட்டேன் என்றாள். இயக்குநர் வேலை போய்விடும் என்று மிரட்டினார்.

"போகட்டும் சார். இதுங்க எப்படிச் செத்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பொய் சொல்றதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அழைப்பிதழ்கள் ஏற்கெனவே போய்விட்டன. எலும்பில்லாமல் கூடத்தைத் திறக்க முடியாது. கடைசியில் அவர் பாதி இறங்கிவந்தார். படமே வேண்டாம், சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும், எலும்புகளை எப்படியாவது வையுங்கள் என்றார். அண்ணி அவற்றை நிறுத்தவேயில்லை. கிடைத்த கோலத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக, மணலில் கிடத்தினாள்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் கூடம் நிறையக் கூட்டம். ஓவியக்காரி ஏணியோடும் வண்ண வாளிகளோடும் நேராக உள்ளே வந்தாள். அண்ணி எலும்புகளைச் சுற்றிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சுவரில் செம்மண் ஏறத் தொடங்கியதும் இயக்குநர் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"என்னைக் கேட்டுத்தான்," என்றாள் அண்ணி.

வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஓவியக்காரி இன்னும் ஒரு படி ஏறினாள்.

"பாத்து," என்றாள் அண்ணி. "விழுந்து வச்சா உங்க அண்ணனுக்கு நான்தான் பதில் சொல்லணும்."