வாசலுக்கு வரும் வண்டிகள்

"உங்க வூட்டு வாசல்ல எப்பப் பாரு ஏதாச்சும் ஒரு வண்டி நிக்குதே அண்ணே! கோகுலு சிங்கப்பூருலதான இருக்கான்?"

பாலக்கரை டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் என் பங்காளி சாமிதுரை கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் தண்ணீர் கேன் போடுகிறவனின் ஆட்டோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் கேபிள்காரன் மொபெட்டை நிறுத்துகிறான். காலையில் கேஸ் வந்தால் மத்தியானம் கூரியர், சாயங்காலம் மாவு பாக்கெட். மகன் கோகுல் ஊரில் இல்லாத வீட்டில் மருமகள் செல்வநாயகி இத்தனை பேருக்கும் கதவைத் திறந்து பதில் சொல்ல வேண்டுமா?

"இனிமே ஒரு வண்டியும் இந்தத் தெருவுல திரும்பக் கூடாது. எதுவா இருந்தாலும் என் பட்டறையில எறக்குங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஊர்க்கோடியில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறை எங்களுடையது.

செல்வநாயகி, "கேஸு தீரப்போவுது மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சிலிண்டர்காரன் பட்டறை வரை வந்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"சூளை எரியுது. இங்க சிலிண்டர எறக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கீங்களாய்யா?"

"மரத்தடியில வச்சிட்டுப் போடா."

"என் வேலை போயிடுங்க. வூட்டுக்குன்னா சொல்லுங்க, வரேன்."

என் வேலையாட்கள் முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நான் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் டீக்கடையில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். செல்வநாயகி டி.வி.எஸ். வண்டியில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய சிலிண்டர். நாத்தனார் துணையில்லாமல் எங்கள் வீட்டு மருமகள்கள் கடைத்தெருவுக்குப் போனதே கிடையாது.

சாமிதுரை தொடையில் தட்டினான். "வண்டி வர்றது நின்னுச்சு அண்ணே, இப்ப மருமவ கெளம்பிட்டாங்க!"

நடுரோட்டில் போய் அவளை மறித்தேன். "என்ன கூத்து இது?"

"காலையில தண்ணிக்கு ஒரு நட, அப்புறம் மாவுக்கு ஒரு நட, இப்ப இதுக்கு. வூட்டுக்கு ஆளு வரக் கூடாதுன்னா வூட்டு ஆளுதான் மாமா போவணும். வேற யாரு இருக்கா?"

கடையில் மறுபடியும் சிரிப்பு. திரும்பிப் போய் சாமிதுரையின் சட்டையைப் பிடித்தேன்.

"என் வூட்டுக்குத் தண்ணி வரும், கேஸு வரும், கூரியரு வரும். என் மருமவதான் கதவத் தொறப்பா. இன்னொரு வாட்டி அவ பேரு உன் வாயில வந்துச்சு, பங்காளின்னு பாக்க மாட்டேன்!"

சட்டைப் பொத்தான் என் கையோடு வந்துவிட்டது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செல்வநாயகி தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேராக கேஸ் ஆபீசுக்குப் போய், உள்ளே உட்கார்ந்திருந்தவனிடம் கத்தினேன்:

"வூட்டுக்கே கொண்டாங்க. பகல்ல, ஊரு பாக்க, வாசல் வரைக்கும்!"