பத்துக்குப் பத்து சந்தோஷம்

மத்தியான மழை கிள்ளான் நகரை நனைத்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல உப்பித் தணிந்தது. சாந்தமேரி சோபாவில் சாய்ந்து, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கேயோ மிதந்துகொண்டிருந்தார். குளத்தில் மீன் துள்ளியதுபோலப் போன் ‘டிங்’ என்றது.

‘இந்த நிமிடம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? ஒன்றிலிருந்து பத்துக்குள்.’

சிரித்துக்கொண்டே பத்தைத் தொட்டார்.

“பாத்தீங்களா, மறுபடியும் பத்து!” எதிரே இருந்த ஜானிஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

தங்கை மகள். மனிதர்கள் எப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறாள். ஆய்வில் சேர்ந்தவர்களை நினையாத நேரத்தில் போன் கேட்கும். அந்த நொடியின் மனநிலையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெரியம்மா போட்ட பத்துகளைப் பார்த்துக் குழம்பிப்போய்த்தான் இன்று ரயிலேறி வந்திருந்தாள்.

“பல்லு புடுங்கின அன்னிக்கும் பத்தா? எனக்காகப் போடுறீங்களா?”

“மொதல்ல அப்படித்தான்லா போட்டேன். கொறைச்சுப் போட்டா உனக்கு மார்க் கொறையும்னு நெனச்சேன்.”

“ஐயோ, அது என் மார்க் இல்ல பெரியம்மா! சரி, ஒங்கள ஸ்டடிலேர்ந்து எடுத்துடுறேன். இனிமே போன் கேக்காது.”

சாந்தமேரிக்கு நெஞ்சுக்குள் யாரோ விளக்கை அணைத்ததுபோல இருந்தது. கணவர் கிரிகரி இறந்து, மகன் கேவினும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய்விட்ட பிறகு, இந்த வீட்டில் அவரை நலம் விசாரிப்பது அது ஒன்றுதான்.

“எடுக்காத ஜானிஸ். அப்புறம் போட்டதெல்லாம் பொய்யில்ல. பல்லு வலியில உயிரே போச்சு, நெசம். ஆனா டிங்குனு ஒண்ணு ‘எப்படி இருக்கே’னு கேக்குது பாரு, அந்த நிமிஷம் பத்துதான்லா.”

“அது மெஷின் பெரியம்மா.”

“மெஷினாவது கேக்குதே.”

“கேள்வியே சந்தோஷம் குடுத்தா அந்தப் பதில் செல்லாது. ரூல்ஸ் அப்படி.” ஜானிஸின் குரல் தணிந்திருந்தது. போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். முடிந்துவிட்டது.

சாந்தமேரி போனை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருமை. கன்னம் வற்றியிருந்தது. வந்ததிலிருந்து இதைக் கவனிக்கவேயில்லையே என்றிருந்தது.

“ஊரையெல்லாம் கேக்குறியே, உன்னை யாரு கேக்குறா?”

“என்னையா?” சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

“உன்னைத்தான்லா. இந்த நிமிஷம் எவ்ளோ?”

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு லோரி தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது.

“ரெண்டு.”

“அடிப்பாவி! இத வச்சிக்கிட்டா என் பத்தோட சண்டைக்கு வந்தே? மிச்சம் எட்டு எங்க போச்சு?”

ஜானிஸ் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினாள். வெளியே ஈர வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, நீலமானது. அவள் ஏற வேண்டிய ரயில் எப்போதோ போய்விட்டது. சாந்தமேரி ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. அவள் நிறுத்தும்போதெல்லாம், “அப்புறம்?” என்று மட்டும் கேட்டார்.