ஐம்பத்திரண்டு கிலோ

1

தினமும் ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். தேநீர் போடுகிறேன், ஒரு குவளை. சட்டையை இஸ்திரி செய்கிறேன். எட்டரைக்கு வீட்டைப் பூட்டுகிறேன்.

இந்தக் கதை இங்கே தொடங்கவில்லை. நேற்று ஒரு பட்டறையில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன தவறான பதிலில் தொடங்கியது. அதை முதல் வரியாக வைத்தால் கை நின்றுவிடுகிறது. அதனால் பல் துலக்கினேன்.

2

என் மனைவியின் அலைச்சறுக்குப் பலகை. முன்நுனி, அதாவது மூக்கு, உடைந்திருக்கிறது. அவளுக்குக் கடல் என்றால்

[விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் கடல் என்றால் ஏதோ ஒன்று.]

பலகையை உடைத்தது பாறை. அவளைக் கொண்டுபோனது கடல் அல்ல.*

* மறுநாள், அலுவலகத்தில், மூளையில் ரத்தக் கசிவு. வயது இருபத்தொன்பது. ஏழு மாதம் ஆகிறது. நீங்கள் கடைசிவரை ஓர் அலைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

3

பட்டறைக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மூக்க வெட்டிட்டு, குட்டையா வேற உருவத்துக்குக் கொண்டு வந்துடலாம். ஏறப்போறவங்க எடை எவ்ளோ?"

"அம்பத்திரண்டு."

வாய் தானாகச் சொன்னது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வலது கால் மட்டுமா சார்?"

"எனக்கில்ல. வீட்ல அவங்களுக்கு."

"அப்படிச் சொல்லுங்க! அம்பத்திரண்டுன்னா அடியில இழைச்சு மெலிசாக்கினா போதும். மேல கைவைக்க வேண்டாம். நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிடுறேன். ஒருநாள் அவங்களையும் கூட்டிட்டு வாங்க, நிக்க வச்சுப் பாத்துடுவோம்."

"சரி."

இந்தச் 'சரி'யை மூன்று முறை அடித்துவிட்டு 'அவள் இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். நான் அப்படிச் சொல்லவில்லை. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன்:

"எழுபத்துநாலுன்னா?"

"அதான உங்க எடை? அப்போ இழைக்கவே கூடாது, தாங்காது. மேல்தோல உரிச்சிட்டுப் புதுசா கண்ணாடியிழை போடணும். இந்தப் பள்ளமெல்லாம் போயிடும். பளபளன்னு ஆயிடும் சார்."

4

பள்ளங்கள் இரண்டு. ஐந்து வருடம் அவள் குதிகால் அழுத்தி அழுத்தி விழுந்தவை. என் கட்டைவிரல் சரியாக உட்காருகிறது.

முடிவு அ: ஐம்பத்திரண்டு. பள்ளங்கள் இருக்கும். அந்தப் பலகையில் இனி யாரும் ஏறப்போவதில்லை.

முடிவு ஆ: எழுபத்துநான்கு. பள்ளங்கள் போகும். முப்பத்தொரு வயதில் நான் அதன்மேல் நிற்கப் பழகுவேன், கரையில் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க. அவள் நின்ற இடத்திலிருந்து கரை எப்படித் தெரிந்தது என்று எனக்கு

[இந்த வாக்கியமும் வேண்டாம்.]

முடிவு இ: வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிடுகிறேன். அது முடிவல்ல, ஆணி.

5

ஒரு வரைவில், கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள், "நீயும் ஒருநாள் ஏறிப் பாரேன்" என்கிறாள். நான் எழுதிக்கொடுத்த வசனம். அது இருந்தால் ஆ சுலபம். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

பட்டறை எட்டு மணிக்குத் திறக்கும். இப்போது ஏழு இருபது. எந்த எடையைச் சொல்வது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் நடந்தது முழுக்கத் தெரியாமல் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. அந்தக் கடைசிக் காலையில், அவள் அலுவலகம் கிளம்பும்போது, உடைந்த பலகை வழியை அடைத்துக் கிடந்தது. நான் ஓரமாக நகர்த்தக் குனிந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதத் தொடாதடா. சாயங்காலம் வந்து நானே பாத்துக்கறேன்."