ஃபுல் வெர்ஷனா, ட்ரையலா

"ஃபுல் வெர்ஷன்தாம்லே. உனக்குன்னு தனியா ட்ரையல் போட்டா வச்சிருக்கேன்?" என்றான் பொன்ராஜ்.

அஃப்ரீத் மெமரி கார்டைக் கொடுக்கவில்லை. அது சட்டைப்பையில், பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவுக்குள் இருந்தது. பரளச்சியில் பஸ் ஏறியதிலிருந்து திருச்சுழியில் இறங்கும்வரை பையைப் பொத்திய கையை அவன் எடுக்கவில்லை.

"காட்டு. பாத்துட்டுத் தாரேன்."

பொன்ராஜ் அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். தாலுகா ஆபீஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். அழிந்துபோனதை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் அவனிடம் இருந்தது.

அழிந்தது அவன் மனைவி அஸ்பியாவின் குரல். அஃப்ரீத் சவுதியில், தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது அவள் தினமும் ரெக்கார்டரில் பேசி அனுப்புவாள். சரியாக வரவில்லை என்று தோன்றினால் அதை அனுப்பாமல் மறுபடி பேசுவாள். எல்லாம் அவள் ஃபோனின் கார்டில் இருந்தன. தனக்கு வந்ததை அவன் கேட்டு முடித்தவுடன் அழித்துவிடுவான். கேம்ப் ரூமில் ஆறு பேர். ஃபோன் கைமாறிக்கொண்டே இருக்கும். மனைவியின் குரல் அடுத்தவன் காதில் விழக் கூடாது.

மூன்று நாள் காய்ச்சலில் அவள் போனாள். அவன் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மாமியார் நசீமா அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து ஃபோனிலும் கார்டிலும் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்து வைத்திருந்தாள். "மௌத்தான புள்ள படமும் பேச்சும் அந்நிய ஆம்பள கையில போகக் கூடாதுல்ல மாப்ள," என்றாள். அவனும் அதற்காகத்தானே அழித்தான். பிறகு அவளே, "கடைசி நாளு ஆஸ்பத்திரில ஃபோன வாய்கிட்ட வச்சு உங்ககிட்ட எதையோ பேசிக்கிட்டிருந்தா. வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு நினைப்பில்லை. வீட்டில் கார்டைச் செருகிப் பார்த்தான். பலமுறைக்கு ஒருமுறைதான் தெரிந்தது. தெரிந்தபோதும் கொதித்தது, உடனே மறைந்தது. இன்னும் ஒருமுறை தாங்கலாம். தாங்காமலும் போகலாம். ட்ரையல் வெர்ஷன் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் காட்டும், சேமிக்கும்போது கையை விரிக்கும். அந்த ஒருமுறையை அதற்குக் கொடுக்க முடியாது.

பொன்ராஜ் சாஃப்ட்வேரின் விவரப் பக்கத்தைத் திறந்தான். வெர்ஷன் நம்பர் இருந்தது. யார் பெயரில் லைசென்ஸ் என்ற இடம் காலியாக இருந்தது.

"கிராக் போட்டா இப்பிடித்தாம்லே காலியா இருக்கும்."

"ட்ரையலுக்கும் காலியாத்தான் இருக்கும்."

"மதுரைக்காரன் போட்டுக் குடுத்தான். ஃபுல்லுன்னுதான் சொன்னான்."

"நீ வாங்கலயா?"

"இந்தத் தெருவுல எவன்லே சாஃப்ட்வேர வாங்கியிருக்கான்? தாசில்தாரே என்கிட்டத்தான் ஓசியில ஏத்திட்டுப் போறாரு."

அஃப்ரீத் சிரிக்கவில்லை. "வேற பென்டிரைவுல சோதிச்சிரலாம்," என்றான்.

பொன்ராஜ் பழைய பென்டிரைவில் ஒரு பாட்டை அழித்து, தேடி, மீட்டான். பாட்டு வந்தது.

"போதுமா?"

"சின்ன ஃபைல ட்ரையலும் விடும். பெருசா ஒண்ணு போடு."

"சந்தேகப்பிராணிலே நீ." பொன்ராஜ் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் எடுத்த பூக்குழி வீடியோவை அழித்து மீட்டான். அதுவும் முழுதாக வந்தது. தீ, மஞ்சள் வேட்டி, கூட்டம், சத்தம். "இப்பவாவது நம்புதியா?"

அஃப்ரீத் டப்பாவைத் திறந்தான்.

முதல் தடவை கார்டு தெரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவதில் தெரிந்தது. தேடல் ஓட ஆரம்பித்தது. கரண்டு போனால் யுபிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று கேட்டான். "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு," என்றான் பொன்ராஜ். அவனும் இப்போது விளையாடவில்லை. அஃப்ரீத் கார்டு ரீடரை விரலால் தொட்டுப் பார்த்தான். சூடு. கையை எடுத்தான். மறுபடி தொட்டான். இன்னும் சூடு.

பட்டியல் வந்தது. தேதி வாரியாகக் குரல் ஃபைல்கள். கீழே, கடைசியில், அவள் இறந்த தேதியில் ஒன்று.

அவன் அதைத் தேர்ந்து 'சேமி'யை அழுத்தினான்.

ஒரு பெட்டி திறந்தது. இலவச அளவு தீர்ந்துவிட்டது, தொடர வாங்கவும்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ட்ரையல்தான். ஆனால் ஓரளவு சும்மா விடும் ட்ரையல். அந்த அளவைப் பூக்குழி தின்றுவிட்டது. பெருசா ஒண்ணு போடு என்று கேட்டவன் அவன்தான்.

"வாங்கிருவோம்லே," பொன்ராஜின் குரல் இறங்கியிருந்தது. "இப்பவே."

"வாங்குனா சாஃப்ட்வேர மூடித் திறக்கணும்."

"ஆமா."

"திரும்பக் கார்டு தெரியலன்னா?"

பொன்ராஜ் மவுஸை எடுத்து ஃபைல் பெயருக்கு மேலே கொண்டுபோனான். சிறிய முக்கோணம் ஒன்று தெரிந்தது. "கேட்டுப் பாக்க விடுது. முதல் கொஞ்ச நொடி மட்டும். மொதல்ல இத உன் ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக்க. அப்பறம் வாங்குவோம்."

அவன் ஃபேனை நிறுத்தினான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றான். வெயில் தார் ரோட்டில் அடித்துக்கொண்டிருந்தது. "ஏலே, வண்டிய ஆஃப் பண்ணு, உள்ள வேல நடக்குது," என்று யாரிடமோ சொன்னது கேட்டது. அந்நிய ஆள் கேட்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அஃப்ரீத் ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு ஸ்பீக்கரின் அருகில் வைத்தான். கடைசி ஃபைலை அழுத்தப் பயமாக இருந்தது. என்ன சொல்லியிருப்பாள். வலிக்குது என்றா. வாங்க என்றா. அதற்கு முந்தையதை அழுத்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். சாப்ட்டீகளா?"

சிறிய இடைவெளி. நின்றுவிட்டது.

அதற்கு முந்தையது. "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். சாப்ட்டீகளா?" இடைவெளி. நின்றுவிட்டது. அடுத்ததும் அதேதான். அவள் எப்போதும் அப்படித்தான் தொடங்குவாள். கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்ல இடம் விடுவாள். மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசியை அழுத்தினான்.

மூச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது. தேய்ந்த குரல். "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். சாப்ட்டீகளா?"

இடைவெளி. நின்றுவிட்டது.

பொன்ராஜ் உள்ளே வந்து தன் பேங்க் கார்டிலேயே பணம் கட்டினான். சாஃப்ட்வேரை மூடித் திறந்தான். லைசென்ஸ் என்ற இடத்தில் இப்போது அவன் பெயர் இருந்தது. மெமரி கார்டைக் காணோம். எடுத்துச் செருகினார்கள், வேறு ரீடர், வேறு கம்ப்யூட்டர், ஆறவைத்துவிட்டு மறுபடி. சாயங்காலம்வரை. தெரியவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அஃப்ரீத் ஃபோனைக் காதில் வைத்து, பதிவானதைக் கேட்டான். மூச்சு, கட்டில், சலாம், கேள்வி. அதன்பின் அந்த இடைவெளியில், அவன் எதிர்பாராத ஒரு ஆண்குரல், மிக மெதுவாக.

"சாப்ட்டேன்."

தான் அதைச் சொன்னது அவனுக்கு நினைவில்லை. காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவும் இல்லை. பரளச்சி பஸ் வந்தது.