மாசாணியம்மாள் போடாத கையெழுத்து

நீட்டப்பட்ட தாளை மாசாணியம்மாள் வாங்கிப் படித்தார். ‘நோயாளியின் சொந்த விருப்பத்தின் பேரில் சிகிச்சை முன்கூட்டியே நிறுத்தப்படுகிறது’ என்று அதில் அச்சிட்டிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தாள். முந்தைய இரண்டிலும் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தார்.

பல்லடத்தில் விசைத்தறிக் கூடமொன்றில் இருபது ஆண்டுகள் தார் சுற்றியவர், அதாவது தறிக்கான ஊடைநூலைக் குச்சிகளில் சுற்றியவர் அவர். சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துபோன பிறகு, வாரத்தில் மூன்று நாள், மாலை மூன்று மணிக்கு வந்து, இந்த மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடக்கையில் இரண்டு ஊசிகள். அருகே இரத்தத்தைக் கழுவித் திருப்பித் தரும் இயந்திரம். அதையெல்லாம் அவர் பழகிக்கொண்டார். பொழுது சாயத் தொடங்கினால் கால்கள்தாம் கலகம் செய்யும். அதை வலி என்று சொல்லிவிட முடியாது. எலும்புக்குள் நூலைக் கோத்து யாரோ இழுப்பது போன்ற குறுகுறுப்பு. உதறினால் அடங்கும், அடங்கிய வேகத்தில் திரும்பி வரும். உதறும்போது உடம்பு குலுங்கும், கை அசையும், இயந்திரம் அலறும். எட்டு இயந்திரங்களைத் தனியாளாகக் கவனிக்கும் டெக்னீஷியன் ஜெரோம் ஓடி வருவார். நான்காம் முறை அலறினால் சிகிச்சையை நிறுத்தத் தாளோடு வருவார்.

அரைமணி குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கழியாத நீர் உடம்பிலேயே தங்கிவிடும். சென்ற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாசாணியம்மாள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங் தம்பி, நான் கேட்டேன்னு இதுல போட்டிருக்குதே. நான் எப்பக் கேட்டேன்?”

“எல்லாருக்கும் ஒரே தாள்தானுங்க்கா. சும்மா ஒரு கையெழுத்து.”

“சும்மான்னா நீங்களே போட்டுக்குங்க.”

அடுத்த நாற்காலியில் இருந்த லட்சுமணசாமி வாய்விட்டுச் சிரித்தார். மதுக்கரைப் பக்கம் வார்ப்பட ஆலை நடத்தி ஓய்ந்தவர். “ஜெரோம், இன்னிக்கு அம்மணிகிட்ட வசமா மாட்டிக்கிட்டே.”

“நீங்க வேறங்கய்யா” என்று சலித்துக்கொண்ட ஜெரோம், மாசாணியம்மாள் பக்கம் திரும்பினார். “முப்பத்தஞ்சு நிமிசந்தான் பாக்கி. ஊசி நழுவுனா ரத்தம் கொட்டிப்போடும். காலை அடக்கி வெக்க மனசு வேணுமுங்க்கா.”

ஒற்றைக்காலில் நின்ற கொக்கு ஒன்று ஓடையைப் பார்த்து, ‘என்னைப் போல அசையாதிருக்க உனக்கு மனவுறுதி போதாது’ என்று கண்டித்ததாம். ஓடை பதில் சொல்லாமல் தன் வழியே போயிற்று. மாசாணியம்மாள் அப்படிப் பேசாமல் போகிறவர் அல்லர்.

“மனசு இல்லாமயா மூணு மணி நேரமாப் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்? நிறுத்த வேண்டாமுங்க. என்ற நாலு மணி நேரம் எனக்கு வேணும்.”

“மறுபடியும் அலாரம் அடிக்குமே.”

“அப்ப கையைக் கட்டுங்க, காலை விடுங்க.”

ஜெரோமுக்கு விளங்கவில்லை. தார் சுற்றும் இடத்தில் அறுந்த இழையை முடிச்சிடும் கை நடுங்கக் கூடாது. கால்களோ நூல் சுற்றும் கதிர் ஒன்றிலிருந்து அடுத்த கதிருக்கு நடந்துகொண்டே இருக்கும். கை ஒன்று செய்யக் கால் வேறொன்று செய்வது மாசாணியம்மாளின் உடம்பு இருபது ஆண்டுகள் பயின்ற பாடம்.

“டாக்டரைக் கேக்காம முடியாதுங்க்கா.”

“கேளுங்க. நானும் அதைத்தான் சொல்றேன்.”

டாக்டர் சண்முகப்ரியா வந்தார். கையெழுத்தில்லாத தாளைப் பார்த்தார். போர்வைக்குள் துள்ளும் கால்களையும் பார்த்தார்.

“எத்தனை மாசமா இப்படி? ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“ஆறு மாசமாச்சுங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள நீங்க அடுத்த நாற்காலிக்குப் போயிருவீங்க. இந்தத் தம்பிகிட்டச் சொன்னேன்; பொறுத்துக்கச் சொன்னாங்க.”

டாக்டர் போர்வையை விலக்கிக் கால்களைத் தொட்டுப் பார்த்தார். “சும்மா உக்காந்தா வருது, நடந்தா அடங்குது, பொழுதோட ஜாஸ்தியாகுது. அப்படித்தானுங்களா?”

“அப்படியேதானுங்க.”

“இதுக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லீங்கம்மா. இது நோய். டயாலிசிஸ் எடுக்கறவங்க நெறையப் பேருக்கு வருது. இரும்புச்சத்துப் பரிசோதனை பண்ணலாம், மருந்தும் இருக்குது. இன்னிக்கு வேணும்னா நிறுத்திக்கலாம்.”

“நிறுத்துனா அந்தத் தண்ணி யாரு உடம்புல நிக்கும்?”

டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார். இடக்கையைப் பலகையில் வைத்து, ஊசிகள் கண்ணில் படும்படி, இறுகாமல் துணியால் கட்டினார் ஜெரோம். நாற்காலியின் கால்பலகையை இறக்கினார். மாசாணியம்மாளின் பாதங்கள் தரையைத் தொட்டன. குதிகால், விரல், குதிகால், விரல் என்று உட்கார்ந்த இடத்திலேயே அவர் நடக்கத் தொடங்கினார். இயந்திரம் அலறவில்லை.

பத்து நிமிடம் போயிற்று. சிரித்துக்கொண்டிருந்த லட்சுமணசாமி இப்போது சிரிக்கவில்லை.

“ஜெரோம், என்ற கால்பலகையையும் இறக்கு.”

“உங்களுக்கெதுக்குங்கய்யா?”

“எனக்கும் ஒரு வருசமா இருக்குது. நானும் மூணு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கறேன். ஆலை நடத்துனவன், காலு சொன்ன பேச்சு கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?”

“வாயிலதானுங்க” என்றார் மாசாணியம்மாள், நடையை நிறுத்தாமல்.

மணி ஏழானது. நான்கு மணி நேரமும் முழுதாக முடிந்தது. ஊசிகளை எடுத்துக் கட்டுப்போட்ட ஜெரோமிடம், மாசாணியம்மாள் தம்முடைய பழைய தாள்கள் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

“அது முடிஞ்சுபோன கதைங்க்கா.”

“பொய்யி அப்படியேதானே கெடக்குது தம்பி. எடுத்தாங்க.”

ஒவ்வொரு தாளிலும் தம் கையெழுத்துக்குக் கீழே, ‘நான் நிறுத்தச் சொல்லவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் தேதியிட்டார். பிறகு பேனாவை லட்சுமணசாமி பக்கம் நீட்டினார்.

“உங்க மூணையும் எடுத்தாரச் சொல்லட்டுங்களா?”