நிலாப் பானை

கோயமுத்தூர் கணபதியில் இரும்பு வார்க்கிற பவுண்டரிக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பவுண்டரி வாசலில்தான் விழவேண்டும். ஆனாலும் காலேஜில் ஆராய்ச்சி செய்கிற ஜெயக்கொடியை ஏழு பவுண்டரிக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். ஆயிரம் பம்பு வார்க்கிறவன் ஒற்றைச் சாமானுக்கு எதற்கு அச்சு கட்டுவான்? எட்டாவதாகத்தான் சீனிவாசலுவிடம் வந்தாள். "காலேஜ் ஆராய்ச்சிக்கே நாங்கதான் செஞ்சு குடுக்கறோம்" என்று நாலு பேரிடம் பெருமை பீற்றிக்கொள்ளலாமே என்று அவர் தலையாட்டிவிட்டார். தொண்ணூற்றேழாம் வருஷம், சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

அந்தப் பவுண்டரியில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள் தெய்வாத்தாள். அவிநாசிப் பக்கம் அவள் ஆத்தா அப்பனெல்லாம் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போனவர்கள். இவள் மட்டும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்துவிட்டாள். வார்த்து வந்த இரும்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது, பிசிறு தட்டுவது, ஓட்டை இருந்தால் அடைப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவள் கைவேலை. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஜெயக்கொடி கேட்டது ஒரு கனத்த இரும்புக் கூடு, பானை அளவு, நாலு பக்கமும் கண்ணாடி பதிக்க வட்டமாக ஜன்னல். "இதுல என்ன அம்மணி வேவிக்கப் போறே?" என்றாள் தெய்வாத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பைக்குள்ளிருந்து பேப்பரில் வந்த ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

"வியாழன் கிரகத்தைச் சுத்தற நிலாவுங்கக்கா இது. மேல பூராவும் ஐஸு. பாருங்க, எப்படி வெடிச்சுக் கெடக்குதுன்னு."

"எங்கூர்க் கொளத்துல தண்ணி வத்துனா இப்படித்தான் வெடிக்கும்."

"அதேதானுங்க. அங்க நாம போக முடியாது. அதனால அந்த ஐஸை இந்தப் பானைக்குள்ள உண்டாக்கப் போறேன். உள்ள இருக்கற காத்தை எல்லாம் உறிஞ்சிப்போட்டு, கொஞ்சம் தண்ணி ஆவியும் நைட்ரஜனும் உட்டு உறைய வெப்பேன். ஒரு ஜன்னலுக்கு வெளிய விளக்கை வெச்சு வெயில் மாதிரி அடிச்சா, ஐஸுக்குள்ள என்னென்ன மாறுதுன்னு பாக்கலாமுங்க."

உறைய வைக்கிற அந்தக் கொடுங்குளிருக்கு எங்கே போவாள் என்று கேட்டதற்கு, மாட்டு ஆஸ்பத்திரிக்கு என்றாள். சினை ஊசி மருந்து கெடாமல் இருக்க அங்கே டப்பா டப்பாவாகத் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்களாம். அதில் ஒரு டப்பா கேட்டு வாங்கி வருவாளாம். பவுண்டரியே விழுந்து விழுந்து சிரித்தது. தெய்வாத்தாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோபிப் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவர் மகள், தன்னைப் போலவே கூலிக்காரச் சனம், மாட்டாஸ்பத்திரி டப்பாவை வைத்துக்கொண்டு ஆகாயத்து நிலாவைச் செய்யக் கிளம்பியிருக்கிறாளே! அடேங்கப்பா என்றிருந்தது அவளுக்கு. அன்றைக்கே அதற்கு நிலாப் பானை என்று பேர் வைத்துவிட்டாள்.

வார்த்துக் கடைந்து எடுத்த பானையை, பம்பைச் சோதிப்பது போலவே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கு வைக்கக் குறித்த ஜன்னலுக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு வியர்த்தது. தெய்வாத்தாள் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மறுக்கா வார்க்கறதுக்கெல்லாம் நேரமில்ல. அடைச்சு பெயிண்ட் அடிச்சுடும்மா" என்றார் சீனிவாசலு. "எந்தப் பவுண்டரில இது இல்ல? பார்ட்டிகிட்ட மூச்சு விடாதே."

நவச்சாரம் என்கிற உப்பும் இரும்புத் தூளும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஒரு பசை வரும். ஓட்டையில் திணித்துவிட்டால் ஒரே நாளில் துருவேறி இரும்போடு இரும்பாக இறுகிவிடும். குழைக்கிறபோது மட்டும் கண்ணும் மூக்கும் எரியும். ஆயிரம் பம்புக்கு அடைத்த கை, பானைக்கும் உள்பக்கமாக அடைத்தது. ஓட்டை இருந்த இடம் அடைத்தவளுக்கே தெரியாதபடி வெளியே பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

ஆடி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜெயக்கொடி ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, கண்டுபுடிச்சுட்டேனுங்க! ஐஸுக்குள்ள அம்மோனியா உண்டாகுதுங்க. வெறும் தண்ணியும் நைட்ரஜனுந்தான் உட்டேன். வெளிச்சம் பட்டதுக்கே அது உண்டாகுதுன்னா, அந்த நிலாவுலயும் உண்டாகுமுல்ல? அம்மோனியா கலந்த தண்ணி லேசுல உறையாதுங்க. அப்ப அடியில கடலே இருக்கலாமுங்கக்கா!"

"அப்படிப் போடு!" என்று ஜிலேபியைக் கடித்தாள் தெய்வாத்தாள். "அது என்ன கண்ணு, அம்மோனியா?"

"மாடு கட்டற கட்டுத்தரைக்குள்ள காலைல நுழைஞ்சா கண்ணைக் கரிக்குமே, அந்தக் காத்துதானுங்க."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. நவச்சாரம் குழைத்தால் வருகிற வாடையும் அதேதான்.

"வெளக்க அணைச்சா?"

"அணைச்சா வர்றதில்லீங்க. அதுதானே விஷயமே!"

"அந்த வெளக்கு சூடாவுமா அம்மணி?"

"கை வெக்க முடியாது. ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள். குழைத்த பசை வெயிலில் இருந்தால் வாடை தூக்கலாக அடிக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. விளக்கு நிற்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவள் அடைத்த அடைப்பும் இருக்கிறது.

ஜெயக்கொடி பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். ஜூனியர் ஃபெலோவாக இரண்டு வருஷம் முடிகிறது. புதன்கிழமை ஒரு கமிட்டி உட்காரும். வேலை தேறினால் இன்னும் மூன்று வருஷம் ஆராய்ச்சி, சீனியர் ஃபெலோ. தேறாவிட்டால் ஊருக்குப் போய் ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அதெல்லாம் இனிமேல் பயமில்லீங்கக்கா. இதைக் காட்டுனாப் போதும்" என்றவள், இன்னொரு ஜிலேபியை எடுத்து இவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

தெய்வாத்தாள் நேராக முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எகிறிக் குதித்தார். "உனக்கென்ன பைத்தியமா? அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கு, நாம சந்தோஷமா இருக்கோம். ஓட்டையை அடைச்சு வித்தோம்னு வெளியில தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வருவான்? வாயைத் தொறந்தேன்னு தெரிஞ்சுது, அன்னியோட வேலைக்கு வராதே."

சனிக்கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்குப் பதவி நிச்சயம். சொன்னால் அவளுக்கும் போச்சு, தனக்கும் போச்சு. பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாள். ஆனால் இல்லாத ஒன்றை நம்பிக்கொண்டு அந்தப் புள்ளை காலம் பூரா ஆகாயத்தைப் பார்க்குமே! ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

லீவு நாளிலும் ஜெயக்கொடி ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தாள். தெய்வாத்தாள் வாசற்படியிலேயே நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திட்டுவாள், கத்துவாள், ஜிலேபிக்குக் கணக்குக் கேட்பாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்குக் கிடைத்தது கேள்விகள்தான்.

"எந்தப் பக்கமுங்கக்கா? எத்தனை ஆழம்? நவச்சாரம் எத்தனை பங்கு போட்டீங்க?"

கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பென்சிலைக் கீழே வைத்த பிறகுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். தெய்வாத்தாளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜெயக்கொடி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மொதல்ல இது நெசமான்னு பாக்கணுமுங்க. அந்த அடைப்பைச் சுரண்டி எடுக்க முடியுமா?"

"நான் எடுத்துப்போடறேன். ஓட்டைக்கு என்ன பண்ணுவே?"

"வெளிப்பக்கமா அரக்கை உருக்கி ஊத்தலாமுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினார்கள், அரக்கை ஊற்றினார்கள். திங்கட்கிழமை வேலை விட்டதும் தெய்வாத்தாள் மறுபடி ஓடினாள். ஒரு இயந்திரத்தில் பேனா தானாகவே காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. அம்மோனியா இருந்தால் ஓரிடத்தில் கோடு மேடு கட்டுமாம். விளக்கு முழுச் சூட்டில் எரிந்தது. மேட்டைக் காணோம். பேனா தரையைத் தேய்த்தாற்போல நேராகப் போனது.

"போச்சுங்களே" என்றாள் ஜெயக்கொடி, மெதுவாக. பிறகு, "நல்லவேளையா போச்சு. புதங்கெழமை இதைத்தான் சொல்லப் போறேன். உங்க பேரை எங்கயும் இழுக்க மாட்டேனுங்கக்கா. சத்தியம்."

இப்படியும் ஒரு பெண் இருப்பாளா? தெய்வாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கும்பிட்டால் சிரிப்பாளோ என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து காலேஜ் வராந்தாவில் நின்றாள். புழுக்கத்துக்கு அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நாலு பேர். நடுவில் பெங்களூரிலிருந்து வந்த ராமாமணி அம்மா. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும் என்று பியூன் சொல்லியிருந்தான். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. தெய்வாத்தாளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் ஜெயக்கொடி முதலில் மேடு உள்ள காகிதத்தையும் அப்புறம் மேடில்லாத காகிதத்தையும் விரித்துக் காட்டியது தெரிந்தது. அந்த அம்மாவின் முகம் சுருங்கியதும் தெரிந்தது.

ராமாமணி அம்மா எந்த ஊர்க்காரரோ, கோபம் வந்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"வெளியில பெயிண்ட் அடிச்ச இரும்பு. உள்ளே எந்த மூலையில எதை வெச்சு அடைச்சிருக்குன்னு மூணே நாள்ல உனக்கு எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னா? இல்ல, முன்னாடியே தெரிஞ்சு மறைச்சு வெச்சிருந்து, இப்போ மாட்டிக்குவோம்னு பயந்து சொல்றியா?"

"முன்னாடி தெரியாதுங்க மேடம்."

"அப்போ யார் சொன்னா?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம்" என்றாள் ஜெயக்கொடி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல முடியாதுன்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார் அவர், ஃபைலை மூடிக்கொண்டே.

அட பாவிப் புள்ளே, சொல்லித் தொலையேன் என்று தெய்வாத்தாளுக்கு உள்ளே கிடந்து துடித்தது. சொல்ல மாட்டாள். சத்தியம் பண்ணிவிட்டாளே! இந்தக் கிறுக்கிக்கு ஐஸிலும் பொய் ஆகாது, சத்தியத்திலும் பொய் ஆகாது. பதினோரு வருஷ வேலை ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போனது. செருப்பை வராந்தாவில் கழற்றிப்போட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க சொன்னேன். அடைச்சதும் நாந்தானுங்க. இந்தப் புள்ளைக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

நாலு தலையும் நிமிர்ந்தன. ராமாமணி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பசையில் என்ன சேர்ப்பீர்கள், எவ்வளவு நேரத்தில் இறுகும், சூடு பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெய்வாத்தாள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். கோடியில் இருந்தவர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

"நீங்க இங்க வந்தது உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

"அப்புறம் ஏம்மா வந்தீங்க?"

"பம்புன்னா தண்ணி வந்தாப் போதுமுங்க. இது நெசம் எதுன்னு பாக்கறதுக்குச் செஞ்ச பானையாமுங்க. நா அடைச்சது அதுல பொய் சொல்லுதுங்களே."

ராமாமணி அம்மா ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "மூணு வருஷம் தரேன். அந்த அம்மோனியா மட்டும் ஆராய்ச்சிப் பேப்பரா வெளியே போயிருந்தா உங்க டிபார்ட்மெண்டே தலைகுனிஞ்சிருக்கும்" என்று ஜெயக்கொடியிடம் சொன்னார். "அடுத்த பானையை எஃகுல செய். அதுக்கு வேண்டியதை நான் எழுதிக் கேக்கறேன்." பிறகு தெய்வாத்தாளின் பக்கம் திரும்பி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, கைகூப்பினார். இவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் ஜெயக்கொடி வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

"சரி சரி, அழுவாதே கண்ணு. நா ரெண்டு மணிக்கு வேலைக்குப் போவோணும். மொதலாளி காதுக்கு வேற ஆளு மூலமாப் போறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன்."

"நானும் வாரேனுங்கக்கா."

"நீ எதுக்கு அம்மணி? அந்த மனுசன் வாயில என்னென்ன வருமோ. இன்னிக்கு நல்ல நாளு, நீ போயி ஊட்டுக்குப் போன் பண்ணு."

ஜெயக்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். கேட்டுக்கு வெளியே கணபதி வழியாகப் போகிற பஸ் நின்றிருந்தது. தெய்வாத்தாள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, போ போ என்று கையைக் காட்டினாள். பஸ் கிளம்பியபோது பார்த்தால், அந்தப் பெண் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்டக்டரிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கணபதி ரெண்டு குடுங்கண்ணா."