பூட்டி வைத்த கடைசி அத்தியாயம்

வைஷ்ணவியின் மாமனார் அழகிரி மர்ம நாவல்களை யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பார். கடைசி அத்தியாயத்தை மட்டும் கொடுக்க மாட்டார். அந்தப் பக்கங்களை ஓரத்தில் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிட்டுத்தான் புத்தகத்தை நீட்டுவார். படித்தவர்கள் அவரிடம் வந்து கொலையாளி யார் என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே பேனாக் கத்தியால் பின்னை நெம்பி எடுத்து, "இப்பப் படி" என்பார். திருவெறும்பூர் தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்த காலத்தில், பக்கத்து சீட்காரர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து பஸ் முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொல்லிவிடுவார்களாம். அப்போது ஆரம்பித்த பழக்கம். லேசான பக்கவாதம் வந்து, ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் வாக்கர் பிடித்து நடக்கிற நிலை வந்த பிறகும் மனிதர் அதை விடவில்லை.

வைஷ்ணவிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது போன வருஷம்தான். கதையில் கொலை நடந்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே யாருக்கும் சமைக்க வேண்டாம், மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டாம், குக்கர் விசிலை எண்ண வேண்டாம். யாரோ செத்திருப்பார்கள், யாரோ செய்திருப்பார்கள், அது அவள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த நிம்மதிக்காகவே ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததைக் கேட்பாள். மாமனார் சிரித்துக்கொண்டே பின் அடித்துக் கொடுப்பார்.

அன்று அவள் கையில் இருந்தது ஒரு மலை எஸ்டேட் கதை. மழையில் பாதை அடைபட்டுப் போன பங்களாவில் எஸ்டேட் முதலாளிக்கு யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதனாலேயே எல்லோர் மேலும் சந்தேகம். வைஷ்ணவி வக்கீலைத்தான் நினைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பின் அடித்த பக்கங்கள் வரை வந்துவிட்டாள். மாமனார் பக்கத்து அறையில் தூங்குகிறார். எழுப்ப மனசில்லை, காத்திருக்கவும் பொறுமையில்லை. படித்துவிட்டுத் திரும்ப அடித்துவிடலாம், சாயங்காலம் வக்கீல் என்று பழைய யூகத்தையே சொன்னால் போயிற்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியால் மூன்று பின்னையும் நெம்பி எடுத்தாள்.

துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்கு வரவழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வள்ளிக்கண்ணு பாதி சாத்திய கதவுக்கு வெளியே வந்து நின்றாள். அழகிரியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண்மணி அவள். காலையில் வந்து சாயங்காலம் போவாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, அதிராத பேச்சு.

"பாப்பா, திருப்பூர்ல இருந்து எம் பொண்ணு பானு போன் பண்றா. மாசமா இருக்கிற புள்ள. உள்ள டவர் கெடைக்கல, கீழ போய்ப் பேசிட்டு வந்துடறேன். ஐயாவைக் கொஞ்சம் பார்த்துக்கங்க."

"ம்ம்" என்றாள் வைஷ்ணவி. தலையைத் தூக்கவில்லை.

வக்கீல் இல்லை என்று தெரிந்தபோது முதல் குரல் கேட்டது. "வைஷ்ணவி..." மாமா கூப்பிட்டால் ஃபேனைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் கூட்டச் சொல்வார். இன்னும் இரண்டே பக்கம். "வைஷ்ணவி, இங்க வாம்மா கொஞ்சம்." இந்தத் தடவை குரல் அவசரமாகத்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பக்கத்தைத் திருப்பினாள். முதலாளியின் தங்கை மகள்தான் கொலையாளி. பிணத்தை முதலில் பார்த்து, பங்களாவே அதிரும்படி அலறிய பெண். அந்தப் பெயரைப் படித்த கண்ணை எடுப்பதற்குள் பக்கத்து அறையில் வாக்கர் தரையில் சாய்கிற சத்தமும், அதற்குப் பின்னால் ஒரு கனமான சத்தமும் கேட்டன.

பாத்ரூம் வாசலில் கிடந்தார். வைஷ்ணவி போட்ட கூச்சலில் மாடியில் இருந்த எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். சாயங்காலம் மாற்றுத் துணி எடுக்க வைஷ்ணவியும் கணவன் மாதவனும் வீட்டுக்கு வந்தபோது, வள்ளிக்கண்ணு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும் சேதி கேட்க நின்றிருந்தார்கள். மாதவன் மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறவன். கோபம் வராத ஆள் என்று பெயரெடுத்தவன். அன்றைக்கு அவனுக்கு வந்தது.

"பெரியவரைத் தனியா விட்டுட்டு எங்க போனீங்க?"

"போன் பேசக் கீழ போனேன் தம்பி. பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

எல்லோரும் வைஷ்ணவியைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு மூச்சு போதும். அவள் வாயிலிருந்து வந்தது வேறு. "எங்கிட்டயா? நான் மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

வள்ளிக்கண்ணு அவளையே பார்த்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான். "ரூம்ல இருந்தீங்கன்னு நினைச்சேனே... ம்ம்-னு கேட்டுச்சே. ஃபேன் சத்தமா இருக்குமோ."

"ஃபேன் சத்தத்துகிட்ட சொல்லிட்டுப் போற ஆளை நம்பி எங்க அப்பாவை விட்டிருக்கேன்" என்றான் மாதவன். "நாளையில இருந்து வர வேணாம்." அவ்வளவு பேர் எதிரில் அவள் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மாதவன் அங்கேயே நின்று ஏஜென்சிக்கும் போன் பண்ணி, இந்தம்மாவை இனி எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்லி முடித்தான்.

வைஷ்ணவி உள்ளே போய் முதலில் செய்தது, கட்டிலடியில் கிடந்த பின்களைப் பெருக்கி வெளியே போட்டது. புத்தகத்தில் படித்தபோது தடயத்தை அழிக்கிறவர்கள்மேல் அவளுக்கு ஒரு இளக்காரம் இருந்தது. இவ்வளவு தெரிந்த ஆள் இதைப் போய்ச் செய்வானா என்று நினைப்பாள். செய்வான் என்று இப்போது தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அழகிரி தெளிவாகப் பேச ஆரம்பித்ததும் மாதவன் நடந்ததையெல்லாம் சொன்னான். வைஷ்ணவி ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"நான் யாரையும் கூப்பிடலைப்பா" என்றார் அழகிரி. "நானா எந்திரிச்சேன், நானா விழுந்தேன்."

"அதுக்குத்தான் ஆள் போட்டிருந்தது" என்று மாதவன் முடித்துக்கொண்டான்.

பெரியவர் மருமகள் பக்கம் திரும்பினார். "அந்தக் கதைல யாருன்னு நீ இன்னும் எனக்குச் சொல்லலையே. புத்தகத்தை எடுத்துக்கிட்டு வா."

அவருக்கு மறந்துவிட்டதா, நினைவிருந்தும் மறைக்கிறாரா? வீட்டுக்கு வந்து, மாமனாரின் மேஜையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் பழையபடி மூடப் பார்த்தாள். பழைய ஓட்டைகள் இருந்த இடத்திலேயே பின் விழவில்லை. ஒன்று தள்ளிப் போனது, ஒன்று கோணலாக இறங்கியது. மூன்றாவதை அடித்துவிட்டு, வயசான கண்ணுக்குத் தெரியாது என்று தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாதவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் புத்தகத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழகிரி அதைத் திறக்கவில்லை. கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் மெதுவாகத் தடவினார்.

"சரி, யாரு?"

"வக்கீல், மாமா."

"ஏன்?"

விடை தெரிந்துவிட்ட பிறகு, ஏன் என்பதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. இத்தனை மாதத்தில் ஏன் என்ற கேள்விக்கு அவள் திணறியதே கிடையாது.

"பழைய ஓட்டை வேற இடத்துல இருக்கேம்மா" என்றார் அவர். குரலில் எந்தக் கடுமையும் இல்லை.

வைஷ்ணவி முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும், "நீங்க கூப்பிட்டீங்க மாமா. ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

"தெரியும். கூப்பிட்டவன் நான்தானே."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வள்ளிக்கண்ணு போனா ஏஜென்சிக்காரன் வேற ஆளை அனுப்புவான். நீ மனசு விட்டுட்டா எனக்கு யாரும்மா வேற ஆளை அனுப்புவா? இனிமே எல்லாத்துக்கும் உன் கைதான். உன்னைக் குத்தம் சொல்லிட்டு உன் கையால எப்படிச் சாப்பிடறது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா பாவம்தான். எனக்கும் ராத்திரில தூக்கம் வரல. ஆனா இப்ப அவனுக்குச் சொல்லி வீட்டுல சண்டையை இழுத்துக்க வேணாம். விடு, மறந்து போயிடும் எல்லாருக்கும்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வைஷ்ணவிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். மாமனார் மன்னித்துவிட்டார், கணவனுக்குத் தெரியாது, யாரும் சந்தேகப்படவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் கீழே இறங்குவதற்குள் அந்த நிம்மதி புளித்துப் போயிற்று. கதையில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதும் மற்ற எல்லோரும் சுத்தமாகி, ஆளுக்கொரு டம்ளர் காபி குடிப்பார்கள். அதைப் படிக்கத்தானே உயிரை விட்டாள். இங்கேயும் ஒருத்தியை அனுப்பிவிட்டு எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். போனவள் எதுவும் செய்யாதவள் என்பது காபி குடிக்கிறவர்களில் இரண்டு பேருக்குத் தெரியும்.

வள்ளிக்கண்ணுவின் வீடு சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம், ஓடத்துறையில் ஒரு சந்துக்குள். ஆட்டோவில் போய் இறங்கி இரண்டு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தாள். வள்ளிக்கண்ணு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைஷ்ணவியைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சொல்ல வந்தவள் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஐயா எப்படி இருக்காரு பாப்பா? வந்து பார்க்கணும்னு இருக்கு, தம்பி திட்டுவாரோன்னு பயமா இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க. சொல்லிட்டுப் போனேன்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் ஞாபகம். இப்ப யோசிச்சா, சொன்னேனான்னே தெரியல."

உள்ளேயிருந்து அவள் கணவர் சின்னையா எட்டிப் பார்த்தார். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. சொல்லாததைச் சொன்னேன்னு சொல்லும். அப்புறம் எங்களையே தெரியாம போச்சு. இவளையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த் தலையைக் காட்டணும்னு இருக்கேன்."

"பானு பிரசவத்துக்கு வரப் போறா" என்றாள் வள்ளிக்கண்ணு. "பச்சைப் புள்ளையை எங்கிட்ட எப்படி விடறதுன்னு மாப்பிள்ளை வீட்டுல யோசிக்கிறாங்களாம். அவங்களையும் தப்பு சொல்ல முடியாது."

வைஷ்ணவி ஒரு வேலையைத்தான் பறித்துவிட்டதாக நினைத்து வந்திருந்தாள். "அக்கா, நீங்க சொன்னீங்க" என்றாள்.

"என்ன பாப்பா?"

"சொல்லிட்டுத்தான் போனீங்க. பானு போன் பண்றா, ஐயாவைப் பார்த்துக்கங்கன்னு சொன்னீங்க. நான் மொட்டை மாடியில இல்ல. ரூம்ல படுத்துக் கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டு இருந்தேன். ம்ம்-னு சொன்னது நான்தான். மாமா கூப்பிட்டதும் எனக்குக் கேட்டுச்சு. நான் போகல. அப்புறம் எல்லார் எதிர்லயும் பொய் சொன்னேன்."

திட்டுவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். வள்ளிக்கண்ணு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப நான் சொன்னேனா?"

"சொன்னீங்க அக்கா."

"ம்ம்-னு கேட்டது ஃபேன் இல்லையே?"

"நான்தான்."

"ஏங்க, இங்க வாங்க" என்று அவள் கணவரைக் கூப்பிட்டாள். "பாப்பா, அவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க." வைஷ்ணவி சொன்னாள். சின்னையா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வள்ளிக்கண்ணு தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "எனக்கு அந்த வேலை வேணாம்" என்றாள். "ஆனா தம்பி என்னைச் சொன்னது மாடிப்படியில வெச்சு. எல்லாரும் நின்னாங்க. நீங்க இங்க சந்துக்குள்ள வந்து சொல்றீங்க."

"அங்கயே வந்து சொல்றேன். நீங்களும் வாங்க."

இரண்டு பேரும் சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்பே வைஷ்ணவி மாதவனுக்குப் போன் பண்ணி, உடனே வீட்டுக்கு வரச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளிக்கண்ணு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர்கள் இரண்டாவது மாடிக்கு ஏறியபோது மாதவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். வள்ளிக்கண்ணுவைக் கண்டதும் முகம் மாறியது. "இவங்களை ஏன் கூட்டிட்டு வந்திருக்கே?"

"இருங்க, எல்லாரும் வரட்டும்" என்றாள் வைஷ்ணவி.

அவள் படித்த கதைகளில் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டுவது துப்பறிபவரின் வேலை. குற்றவாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இங்கே அந்த வேலையையும் அவளே செய்ய வேண்டியிருந்தது. வள்ளிக்கண்ணு, தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே படியில் போய் நின்றுகொண்டாள். வைஷ்ணவி எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு, மேல்மாடிக்காரர்களையும் கூப்பிடப் படியேறினாள்.